நீருக்கு அடங்காத நெருப்பு

தீப்பற்றினால் நீரை ஊற்றி அணைக்கலாம் என்பது நம் முன்னோர் நமக்குக் கற்றுத் தந்த முதற்பாடம். கூரை வீடும் வைக்கோற்போரும் விறகடுப்புமாக வாழ்ந்த காலத்தில் அப்பாடம் முற்றிலும் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் இன்று நம்மை நாள்தோறும் நெருங்கி நிற்கும் தீ வைக்கோலின் தீ அன்று, வண்டியின் தீ. ஒரு மோட்டார் வண்டிக்குள் பெட்ரோல் இருக்கிறது. சிலவற்றில் வாயு இருக்கிறது. அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. அண்மைக் காலமாக லித்தியம் பேட்டரியும் வந்து குடியேறியிருக்கிறது. இவற்றுள் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். எந்த நெருப்புக்கு எதனை இடுவது என்று அறியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர், அணைக்கச் சென்ற தீயைத் தாமே வளர்த்துவிடுவதும் உண்டு.

நான் வேதியியலில் முதுகலை பயிலும் மாணவன். அகவை இருபத்து மூன்று. தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தென்பாண்டிச் சீமையிலிருந்து மூணாற்றுக்கு மலையேறிய குடும்பத்தின் பிள்ளை. நம் சங்கத்து நண்பர்களுள் பலர் பாலக்காட்டு எல்லையிலுள்ள வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் வழியாகவும், வேறு பலர் இடுக்கி எல்லையிலுள்ள குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு வழியாகவும் ஊருக்குப் போய் வருகின்றனர். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக மலையேறுவதை இவர்கள் எல்லாரும் கண்டிருப்பர். நம் தாய்மாரும் தமக்கைமாரும் நெருங்கி உட்கார்ந்திருக்கும் அதே ஜீப்பில், மருந்தடிக்கும் பொறிக்கென்று ஒரு பெட்ரோல் கேனும் காலடியில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாம் வகுப்பறையில் கற்கும் வேதியியல் அந்தக் கேனைப் பற்றி என்ன சொல்கிறது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிவது எது?

பெட்ரோல் எரிகிறது என்கிறோம். உண்மையில் திரவமான பெட்ரோல் எரிவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. அந்த ஆவியும் காற்றும் ஓர் அளவோடு கலந்திருந்தால்தான் தீப்பற்றும். நூறு பங்கு கலவையில் ஆவி ஏறத்தாழ 1.4 பங்குக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 பங்குக்கு மிகுந்தாலும் பற்றாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஒரு சிறு பொறி போதும்.

ஒரு திரவம் எந்த வெப்பநிலையில், பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை எழுப்புகிறதோ, அதை அதன் தீப்பற்றுநிலை என்று கொள்வோம். பெட்ரோலின் தீப்பற்றுநிலை செண்டிகிரேடு அளவில் பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 43 பாகை. புல்நுனியில் உறைபனி படியும் மூணாற்றுத் தைமாதக் காலையிலும் பெட்ரோல் பற்றக்கூடிய ஆவியை எழுப்பிக்கொண்டேதான் இருக்கும் என்பது இதன் பொருள். குளிராயிருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு.

டீசலின் கதை வேறு. அதன் தீப்பற்றுநிலை 35 பாகைக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தரவிதி. அதனால்தான் டீசலை நாம் சாதுவான எண்ணெய் என்று கருதுகிறோம். ஆனால் பாலக்காட்டில் பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது உண்டு. வெயிலில் காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் சிந்திய டீசலைச் சாதுவென்று நம்புவதற்கில்லை.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆவியாகும். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் பெட்ரோல், 40 லிட்டர் ஆவியைத் தரும். நூற்றுக்கு 1.4 பங்கு என்ற கீழெல்லையில் அவ்வாவி பரவினால், ஏறத்தாழ 2,800 லிட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்றிவிடும். ஒரு சிறு காரின் உள்ளறை ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு தம்ளர் பெட்ரோல் சிந்தினால், காரின் உள்ளறை முழுவதும் பொறிக்குக் காத்திருக்கும் மருந்தறையாகிவிடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே பறந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தங்கி, எங்கோ உள்ள அடுப்பையோ பீடியையோ தேடிச் சென்று தீயை அழைத்து வரும்.

பொல்புள்ளி தரும் பாடம்

2025 ஜூலை மாதத்தில் பாலக்காடு மாவட்டம் சிற்றூருக்கு அருகிலுள்ள பொல்புள்ளியில் நிகழ்ந்த துயரத்தை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். வீட்டில் நிறுத்தியிருந்த ஒரு பழைய பெட்ரோல் காரை இயக்க முற்பட்டபோது அது வெடித்துத் தீப்பற்றியது. இரண்டு இளங்குழந்தைகள் தீக்காயங்களால் உயிரிழந்தனர். கசிந்த பெட்ரோலின் ஆவியில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பொறி பட்டிருக்கலாம் என்பது முதற்கட்ட ஆய்வில் கூறப்பட்ட கருத்து.

பழைய காரில் பெட்ரோல் ஏன் கசிகிறது? எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய் காலப்போக்கில் விறைத்து வெடிக்கும், இணைப்புகள் தளரும். இவற்றோடு கேரளத்தில் மற்றொரு விந்தையான காரணமும் கண்டறியப்பட்டுள்ளது. மரத்தைத் துளைக்கும் ஒருவகைச் சிறு வண்டுகள், எத்தனாலின் மணத்தை நாடி வந்து எரிபொருட் குழாயைத் துளைத்துவிடுகின்றன. நலிந்த மரங்கள் எத்தனாலை வெளிவிடுவது இயல்பு. அம்மணத்தைக் கொண்டே இவ்வண்டுகள் தமக்கேற்ற மரத்தை அறிகின்றன. நம் நாட்டில் இன்று விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எனவே, மரத்தடியில் நிற்கும் கார் வண்டுக்கு இன்னொரு மரமாகத் தோன்றுகிறது போலும்! ஊசிமுனைத் துளைதான், எனினும் துளித் துளியாகச் சிந்தும் பெட்ரோல் ஒரு தம்ளராவதற்கு எத்தனை நேரம் வேண்டும்?

ஆகவே நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால், சாவியைத் திருப்பலாகாது, விளக்கைப் போடலாகாது, பேட்டரியின் கம்பியையும் அப்போது கழற்றலாகாது, அதிலும் பொறி பறக்கும். கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு, காற்று வீசி வாடை நீங்கும்வரை காத்திருந்து, பிறகு மெக்கானிக்கை அழைப்பதே முறை. மூக்கு ஓர் அரிய கருவி. அது சொல்வதைக் கை கேட்க வேண்டும்.

பெட்ரோல் தீக்கு நீர் மருந்தாகாததன் காரணமும் எளிது. பெட்ரோல் நீரைவிட இலேசானது. ஊற்றிய நீரின்மேல் அது மிதந்து, எரிந்தவாறே ஓடிப் பரவும். இத்தீயை மூடியே கொல்ல வேண்டும். நுரையோ, உலர்பொடியோ, சிறு தீயாயின் நனைத்த சாக்கோ காற்றை மறித்து அதனை அணைக்கும்.

கீழிறங்கும் வாயுவும் மேலேறும் வாயுவும்

நம் ஆட்டோக்களிலும் கார்களிலும் இருவகை வாயுக்கள் எரிபொருளாகின்றன. ஒன்று எல்.பி.ஜி. எனப்படும் சமையல் வாயு; இது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. மற்றொன்று சி.என்.ஜி. எனப்படும் அழுத்திய இயற்கை வாயு. இது பெரும்பாலும் மீத்தேன். இரண்டையும் பலர் ஒன்றெனவே நினைக்கின்றனர். ஆனால் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் படியும். மீத்தேன் காற்றின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். கசிந்தால் மேலே ஏறும். முன்னதற்குக் குழியும் சாக்கடையும் பகை. பின்னதற்கு மூடிய கூரை பகை.

கனமான வாயு என்ன செய்யும் என்பதற்குக் கண்ணூர் அருகிலுள்ள சாலா சான்று. 2012 ஆகஸ்ட் 27 அன்று இரவு அங்கே ஒரு வாயு டாங்கர் லாரி சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு வீடுகளுக்கிடையே தவழ்ந்து பரவியபின் தீப்பற்றியது. 20 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் வீட்டிலும் வீட்டு வாயிலிலும் இருந்தவர்கள். சாலையில் செல்லாதவர்களையும் சாலையின் தீ தேடி வந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நமக்கு மிக அருகிலேயே நடந்தது. 2025 ஜனவரி 3 அன்று விடியற்காலையில், கொச்சியிலிருந்து 18 டன் எல்.பி.ஜி. ஏற்றி வந்த டாங்கர் கோயம்புத்தூர் அவிநாசிச் சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. வாயு கசிந்தது. போக்குவரத்தை நிறுத்தினர், சுற்றிலுமுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டனர், தீயணைப்புப் படையினர் விடாது நீரைப் பாய்ச்சினர், கசிவை அடைத்தனர், டாங்கரை நிமிர்த்தி எடுத்துச் சென்றனர். ஓர் உயிரும் போகவில்லை. பொறி நெருங்குமுன் முந்திக்கொண்டதே இதற்குக் காரணம்.

இங்கே நீர் எதற்கு என்று கேட்கலாம். தீயை அணைப்பதற்கன்று, வாயுவைக் கலைப்பதற்கும் கலத்தைக் குளிர்விப்பதற்கும். கலத்தைச் சுற்றித் தீ எரிந்தால் உள்ளிருக்கும் திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். இரும்பு சூடேறி வலுவிழக்கும். முடிவில் கலம் கிழிந்து, திரவம் முழுதும் நொடியில் வாயுவாகித் தீக்கோளமாகும். இதைத் தடுப்பதே நீரின் வேலை. மற்றொன்றையும் நினைவிற் கொள்க. கசிவை அடைக்க வழியில்லாதபோது, கசியும் வாயில் எரியும் சுடரை அணைக்கலாகாது. அணைத்தால் வாயு எரியாமல் பரவி, வேறோரிடத்தில் வெடிக்கும். எரியும் சுடர் நமக்குத் தெரியும் பகை. எரியாத வாயு தெரியாத பகை.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் வேன்களில் அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிச் செல்லும் வழக்கம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விதிக்கு மாறாக வைத்திருந்த சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்ததை மறத்தல் கூடாது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வேனின் உள்ளறை 10 கனமீட்டர் என்று கொண்டால், நூற்றுக்கு 2 பங்கு வாயு சேர்ந்ததும் அது பற்றும் நிலை அடையும். அதற்கு வேண்டுவது 200 லிட்டர் வாயு. 5 கிலோ சிலிண்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு கசிந்தால் அவ்வளவு வாயு வந்துவிடும். சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வதும், வழியில் உணவு வாங்கிக்கொள்வதும் பக்திக்குக் குறைவாகா.

எரியும் உலோகம்

உலோகம் எரியுமா என்று கேட்பவர், தீபாவளிக் கம்பி மத்தாப்பை நினைத்துப் பார்க்கட்டும். அதிலிருந்து தெறிப்பவை எரியும் உலோகத் துகள்களே. உலோகம் பெருங்கட்டியாக இருக்கும்போது வெப்பம் உள்ளே பரவிப் போய்விடுவதால் எளிதில் பற்றுவதில்லை. அதுவே சீவலாகவும் பொடியாகவும் இருக்கும்போது விரைவில் பற்றும். விறகுக் கட்டைக்கும் மரத்தூளுக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது.

வண்டிகளில் மக்னீசியம் ஏன் வந்தது? அது அலுமினியத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே உடையது. வண்டி இலேசானால் எரிபொருள் மிச்சமாகும். ஆகவே ஸ்டியரிங் சக்கரத்தின் உட்சட்டம், இருக்கைச் சட்டம், கியர்ப்பெட்டியின் கூடு, சில மோட்டார் சைக்கிள்களின் என்ஜின் மூடி ஆகியவற்றில் மக்னீசியக் கலவை பயன்படுகிறது. பழைய வோக்ஸ்வாகன் வண்டு காரின் என்ஜின் கூடும் மக்னீசியக் கலவையே.

இக்கலவை உருகி எரியத் தொடங்க 600 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஆகையால் அது தானாகத் தீயை மூட்டுவதில்லை. பெட்ரோல் தீயே அதனைச் சூடேற்றும். பற்றிக்கொண்டபின் அது எரியும் வெப்பநிலை 3,000 பாகை அளவுக்குச் செல்லும்; கண் கூசும் வெண்சுடர் எழும். இந்நிலையில் அதன்மேல் நீரை ஊற்றினால் நிகழ்வது யாது? மக்னீசியத்திற்கு ஆக்சிஜன்மீது தீராத வேட்கை. நீரிலுள்ள ஆக்சிஜனையும் அது பறித்துக்கொள்ளும். எஞ்சிய ஹைட்ரஜன் விடுபட்டு வெடிக்கும். கரியமில வாயுவை அடித்தாலும் அப்படியே. அதன் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியை மட்டும் விட்டுவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனோடும் அது கூடும். சாதாரணத் தீயை அணைக்கும் பொருள்கள் யாவும் இதற்கு உணவாகின்றன.

1955 ஜூன் 11 அன்று பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் நிகழ்ந்த விபத்து உலகறிந்தது. மக்னீசியக் கலவையால் உடலமைத்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று மோதிச் சிதறிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஓட்டுநர் பியர் லெவேயும் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேலும் மாண்டனர். எரியும் உடற்பகுதியின்மேல் நீரை அடித்தபோது தீ மேலும் சீறியது. சில மணி நேரம் அது எரிந்துகொண்டிருந்தது. 1968 ஜூலை 7 அன்று ரூவான் பந்தயத்தில் மக்னீசிய உடலுடைய ஹோண்டா காரில் ஜோ ஷ்லெஸ்ஸர் மாண்டதும் இவ்வகைத் தீயினாலேயே.

அலுமினியம் இத்தகைய கொடியதன்று. அதன்மேல் இயல்பாகவே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் அதற்குக் கவசம். வண்டித் தீயில் அது 660 பாகையில் உருகி ஒழுகுமேயன்றி எளிதில் எரிவதில்லை. ஆனால் பொடியாகிவிட்டால் அதுவும் பகையே. வேலாக்களுக்கும் பூரங்களுக்கும் ஏற்றிச் செல்லும் வாணங்களின் வெண்சுடருக்குக் காரணம் அந்த அலுமினியப் பொடிதான்.

உலோகத் தீக்கு ஏற்ற மருந்து சிறப்பு உலர்பொடி. அவற்றுள் ஒருவகை நம் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடை அடிப்படையாகக் கொண்டது என்பது வியப்பன்றோ! சோடியமும் குளோரினும் இறுகப் பிணைந்துவிட்டமையால், மக்னீசியம் பறித்துக்கொள்ள அதில் ஆக்சிஜனும் இல்லை. உப்பு உருகிப் படலமாக மூடித் தீயின் மூச்சை அடைக்கிறது. நன்கு உலர்ந்த மணலும் சிறு தீக்கு உதவும். ஆனால் 'உலர்ந்த' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்க. இடுக்கியின் ஆடிமாத ஈர மணல், மணல் வடிவில் வந்த நீரே.

பெயரில் லித்தியம், இயல்பில் வேறு

லித்தியமும் நீரோடு வினைபுரியும் உலோகம். ஆகவே லித்தியம் பேட்டரித் தீக்கும் நீர் கூடாது என்று நம் மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பெயரைக் கண்டு மயங்கிய முடிவு. மின்ஸ்கூட்டரிலும் மின்ஆட்டோவிலும் உள்ள லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியம், உலோகக் கட்டியாக இல்லை. அயனியாகக் கரியின் அடுக்குகளுக்கும் மற்றோர் ஆக்சைடு அல்லது பாஸ்பேட்டின் அடுக்குகளுக்கும் இடையே போய்வருகிறது. இவ்வமைப்பை உருவாக்கியதற்காகவே குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அகிரா யோஷினோ 1986ஆம் ஆண்டில் தம் பேட்டரியின்மேல் ஓர் இரும்புத் துண்டை விழச் செய்து பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. லித்தியம் உலோகத்தைக் கொண்ட பேட்டரியின்மேல் அதுபோலவே விழச் செய்தபோது அது பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அப்படியாயின் இப்பேட்டரி எரிவது ஏன்? அதனுள் இருக்கும் கரைப்பான் எரியக்கூடிய கரிமத் திரவம். அடிபட்டோ, மிகை மின்னேற்றத்தாலோ, உட்குறையினாலோ ஒரு கலம் சூடேறி 100 பாகையை ஒட்டிய நிலையை அடைந்தால், உள்ளே நிகழும் வினைகளே மேலும் வெப்பத்தைத் தருகின்றன. அவ்வெப்பம் அடுத்த கலத்தைச் சுடுகிறது, அது அதற்கடுத்ததை. ஒரு பட்டாசுச் சரம் போலத் தீ ஓடுகிறது. இங்கே வேண்டுவது குளிர்ச்சி. குளிர்ச்சிக்கு நீரைவிடச் சிறந்தது வேறில்லை. ஒரு குடம் போதாது. விடாது பாயும் பெருநீர் வேண்டும். அணைந்ததுபோல் தோன்றியபின்னும் சில மணி நேரம், சில வேளை சில நாள் கழித்தும் மீண்டும் பற்றுவதுண்டு. எழும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உள்ளமையால், தீயினும் புகைக்கே முதலில் அஞ்ச வேண்டும்.

2022 மார்ச் மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட ஸ்கூட்டர் பற்றியெரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அவ்வாண்டில் நிகழ்ந்த இத்தகைய தீக்களுக்குப் பின்னரே, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. விதி வந்தது நன்று. ஆனால் உறங்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வாசலிலும் வண்டியை நிறுத்தி மின்னேற்றுவதை எந்த விதியும் வந்து தடுக்காது. அதனை நாமே தவிர்க்க வேண்டும். ஒரே வாசலுள்ள தோட்டத்து லயன் வீடுகளில் இதனை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரே பொறியாகும் பொருள்

வெல்டிங் பட்டறைகளுக்குச் செல்லும் கால்சியம் கார்பைடு பார்ப்பதற்குச் சாம்பல்நிறக் கல். அதன்மேல் தீக்குச்சியை வைத்தாலும் அது பற்றாது. ஆனால் நீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவை எழுப்பும். ஒரு கிலோ கார்பைடு ஏறத்தாழ 300 லிட்டர் அசிட்டிலீன் தரும். பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 பங்குவரைதான் பற்றும் என்றோம், அசிட்டிலீனோ 2.5 பங்கு முதல் 80 பங்கு வரையிலும் பற்றும்.

2025 மே 25 அன்று கொச்சிக் கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பலில் இருந்த 640 பெட்டகங்களுள் 12 பெட்டகங்கள் கார்பைடு ஏற்றியவை. கரையொதுங்கும் பெட்டகத்தை எவரும் நெருங்கலாகாது என்று அரசு எச்சரித்தது இதனாலேயே. மாம்பழங்களைப் பழுக்கவைக்கக் கார்பைடு பயன்படுத்துவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பது உடல்நலம் கருதி. முதலமடை மாந்தோப்புகள் நிறைந்த பாலக்காட்டு எல்லையில் அத்தடைக்கு மற்றொரு காரணமும் சொல்லலாம். கணவாய் வழியாகப் பெய்யும் மழையில், கிழிந்த தார்ப்பாயின் கீழ்ச் செல்லும் கார்பைடு மூட்டைக்கு மழைத்துளியே முதற்பொறி.

இறக்கத்தில் பிறக்கும் வெப்பம்

மலைநாட்டு வண்டிகளுக்கு எரிபொருள் ஏதுமின்றியே வெப்பம் பிறக்கும் ஒரு வழி உண்டு. 16 டன் எடையுள்ள லாரி 500 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். பௌதிக விதிப்படி அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 780 இலட்சம் ஜூல். பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால் இவ்வளவும் பிரேக்கிலேயே வெப்பமாக வேண்டும். 30 லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்கிவிட இது போதும். பிரேக் டிரம் பழுக்கிறது, மசகு புகைகிறது, டயர் பற்றுகிறது. டயர்த் தீ, அருகிலுள்ள டீசல் டாங்கியை நாடுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது பழமொழியன்று, பௌதிகம். தாழ்ந்த கியரில் இறங்கும்போது அவ்வாற்றலின் பெரும்பகுதியை என்ஜினே வாங்கிக்கொள்கிறது.

எண்ணுக்கு மொழியில்லை

தீயை ஏ, பி, சி, டி என நால்வகையாகப் பகுப்பர். மரம், துணி, டயர் முதலியன ஏ. இவற்றுக்கு நீர் ஏற்றது. பெட்ரோல், டீசல் முதலிய திரவங்கள் பி. இவற்றுக்கு நுரையும் பொடியும். வாயுக்கள் சி, இவற்றுக்குக் கசிவை அடைத்தலே முதல் மருந்து. உலோகங்கள் டி, இவற்றுக்குச் சிறப்புப் பொடி. லித்தியம் அயனி பேட்டரிக்குப் பெருநீரும் பொறுமையும். இவ்வளவும் தெரிந்தால் ஒருவர் பாதித் தீயணைப்பு வீரராகிவிடுகிறார்.

ஆனால் சாலையில் கவிழ்ந்து கிடக்கும் லாரிக்குள் இருப்பது எது என்று எவ்வாறு அறிவது? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஆபத்தான சரக்கேற்றும் வண்டியில் அவசரத் தகவற் பலகை இருத்தல் வேண்டும். அதில் நான்கிலக்க எண் ஒன்று காணப்படும். 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1075 என்றால் எல்.பி.ஜி.; 1402 என்றால் கால்சியம் கார்பைடு. அதே பலகையில் தீயணைப்புக் குறியீடு ஒன்றும் உண்டு. அது 3 என்று தொடங்கினால் நுரை வேண்டும். 4 என்று தொடங்கினால் உலர்பொருளே வேண்டும், நீர் படலாகாது என்பது பொருள்.

எல்லைப்புறத்துத் தமிழராகிய நமக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நம் தோட்டங்களில் உழைக்கும் பெரியவர்களுள் பலர்க்கு மலையாள எழுத்துத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எச்சரிக்கைப் பலகைகள் அவர்களுக்கு வெறும் கோலங்களே. ஆனால் எண்ணுக்கு மொழியில்லை. பேருந்தின் எண்ணையும் கூலிச் சீட்டின் எண்ணையும் படிக்கும் கண்கள் 1075 என்பதையும் படிக்கும். அதன் பொருளை அவர்கள் மொழியில் ஒருமுறை சொல்லிக் கொடுப்பார் இல்லை, அவ்வளவுதான் குறை. எல்லைக்கு இருபுறமும் 112 என்ற ஒரே எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும் அவ்வாறே சொல்லலாம். அந்த எண்ணில் பேசும்போது வண்டியின் மேலுள்ள நான்கிலக்க எண்ணையும் சொல்லிவிட்டால், புறப்படும் படையினர் நீரோடு வருவதா, நுரையோடு வருவதா, பொடியோடு வருவதா என்று வழியிலேயே முடிவு செய்துகொள்வர்.

நண்பர்களே! நம் சங்கம் ஆண்டுதோறும் விழாக்களுக்கு அழைப்பிதழ் அச்சிடுகிறது. அவ்விதழ்களோடு ஒரு பக்கத் துண்டுத்தாளும் தமிழில் அச்சிடலாம் என்பது என் வேண்டுகோள். நான்கு எண்கள், நால்வகைத் தீ, 112. அவற்றின்கீழ் மூன்று வரிகள். ஆளேற்றும் ஜீப்பில் பெட்ரோல் கேனை ஏற்றாதே. வாடை அடித்தால் சாவியைத் திருப்பாதே. கசியும் வாயுவின் அருகே வேடிக்கை பார்க்க நில்லாதே. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வோர் இத்தாளைப் பையில் எடுத்துச் சென்று, போடியிலும் கம்பத்திலும் கோவிந்தாபுரத்திலும் ஜீப் புறப்படும் இடத்தில் நின்று, படித்துக் காட்டிவிட்டு வரலாம். கேனைத் தனி வண்டியில் அனுப்பினால் கூலி சற்றுக் கூடுமே என்று ஓட்டுநர் தயங்குவார். அவரிடம் ஒரு தம்ளர் பெட்ரோலின் கணக்கைச் சொல்லுங்கள்.